ரோச் லைட்டும் ஒரு நேர்த்தியும்

போர் முடிந்த ஆண்டில் நான் நாளுக்கு முப்பத்தொரு சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தேன். முப்பது என்று சொன்னால் கேட்பவருக்கு வசதியாக இருக்கும். ஆனால் முப்பத்தொன்றுதான். இருபத்தைந்து கொண்ட பெட்டி ஒன்று பின்னேரம் தேநீருக்கு முன் முடிந்துவிடும். அடுத்த பெட்டியிலிருந்து ஆறு. ஊரில் நான் நில அளவையாளன், ஆட்கள் வாயில் 'சேவையர்'. சங்கிலி போட்டு அளந்து, கணக்குப் பார்த்து, வரைபடம் கீறியவன். ரொறன்ரோவுக்கு வந்தபின் ஒரு தொழிற்சாலையில் போத்தல் மூடிகளை எண்ணி எண்ணிப் பெட்டியில் அடைத்தவன். எண்ணாமல் எனக்கு ஒன்றும் நடக்காது. தட்டில் விழும் இடியப்பத்தையும் எண்ணித்தான் சாப்பிடுவேன்.

அந்த ஆண்டு எண்ண முடியாதவை நிறைய நடந்தன. என் மனைவிக்கு ஒரே ஒரு தங்கை. அவளும் அவளுடைய மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தைப் பொங்கலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. டோர்செட் பார்க்கில் எங்கள் தொடர்மாடியில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். லிப்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "ஏதும் தெரிஞ்சுதோ?" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காரில் மனைவி சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒரு நேர்த்தி வைச்சிட்டன்."

"என்ன, காவடியோ?"

"தங்கச்சியும் பிள்ளையும் உயிரோட இருக்கினம் எண்டு தெரியவந்தா, அண்டையில இருந்து நீங்கள் சிகரெட்டைத் தொடமாட்டியள் எண்டு."

சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

"நேர்த்தி வைச்சது நீர். விடுறது நானோ?"

"எனக்கு விடுறதுக்கு வேற என்ன கிடக்கு? மச்சம் மாமிசம் விட்டாச்சு. கோப்பி விட்டாச்சு. இரவுச் சாப்பாடும் பாதி விட்டாச்சு. இந்த வீட்டில பெரிசா விடக்கூடிய சாமான் உங்கட சிகரெட் ஒண்டுதான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டா ஓம் எண்டு சொல்லியிருப்பியளோ?"

எனக்குக் கோயில் விஷயங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. நேர்த்தியைத் தவறவிட்டால் தண்டனை எனக்கு வராது, தங்கைக்குத்தான் வரும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. எனக்கு வரும் தண்டனை என்றால் நான் சமாளித்திருப்பேன்.

வைகாசி நடுப்பகுதியில் போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. அன்றைக்கு எத்தனை சிகரெட் புகைத்தேன் என்று எனக்குத் தெரியாது. என் கணக்கில் வெறுமையாக விழுந்த ஒரே நாள் அதுதான். தொடர்மாடிக்கு வெளியே புல்லில் ஆட்கள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மாடியில் ஒரு வீட்டிலிருந்து வந்த அழுகைச் சத்தம் குழாய்த் தண்ணீர் ஓடுவதுபோல நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம், ஞாயிறு காலை, தொலைபேசி அடித்தது. வவுனியாவில், வன்னியிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு முகாமுக்குள்ளிருந்து யாருடையதோ கைத்தொலைபேசியில் தங்கை பேசினாள். மனைவி ஒலிபெருக்கியை அழுத்தினாள். "அக்கா, நாங்கள் ரண்டு பேரும் இருக்கிறம்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு இரைச்சல். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

மனைவி அடுப்படித் தரையில் அப்படியே இருந்துவிட்டாள். அழுதாள். முகத்தைத் துடைத்தாள். பிறகு இருந்த இடத்திலிருந்தே என் பக்கம் கையை நீட்டினாள். தூக்கிவிடச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையைக் கொடுத்தேன். அவள் கேட்டது சட்டைப்பையில் இருந்த பெட்டியை. அதில் பத்தொன்பது இருந்தன. குழாய்க்குக் கீழே பிடித்து நனைத்துக் குப்பையில் போட்டாள்.

நாற்பத்திரண்டு ஆண்டுப் பழக்கம். நிக்கொட்டின் சூயிங்கம் வாங்கினேன். கட்டுப்பல்லில் ஒட்டிக்கொண்டு, ஒருநாள் மேற்தட்டையே கழற்றிக்கொண்டு வந்தது. தோளில் ஒட்டும் துண்டு போட்டேன். அந்த இடம் தடித்துச் சிவந்தது. தூக்கம் போயிற்று. ஒஷாவாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் நலம் கேட்டால் அவளோடும் சண்டை. மைக்ரோவேவ் முடிந்ததும் ஐந்து தடவை கத்துகிறது, ஒரு தடவை போதாதா என்று அதோடும் சண்டை.

இதற்கிடையில் முகாமிலிருந்து எப்போதாவது அழைப்பு வரும். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் மனைவி என் கையை எடுத்து விரல்களை மணந்து பார்ப்பாள்.

"நீங்கள் ஒண்டும் பத்தேல்லைத்தானே?"

"இல்லை எண்டுறன்."

"அப்ப ஏன் பிள்ளைக்குக் காய்ச்சல்?"

கம்பி வேலிக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது என் சிகரெட்டால் அல்ல என்று சொன்னால் அவளுக்கு விளங்கும். ஆனால் தங்கைக்காகச் செய்யக்கூடிய காரியம் என்று அவள் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். அதை நான் உடைத்தால் அவள் கை வெறும் கையாகிவிடும். தங்கையும் பிள்ளையும் முகாமை விட்டு வெளியே வரும்வரையாவது நான் ஒரு நெருப்பும் வைக்கக்கூடாது. வைக்காமல் இருக்க என்னால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவர் என் நண்பர். யாழ்ப்பாணத்து முஸ்லிம், தொண்ணூறில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் சில காலம் இருந்து, இங்கே வந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கடைக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து புகைத்த சிகரெட்டுகள் பல ஆயிரம் இருக்கும். போர் முடிந்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி புரியாணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மனைவி மச்சம் விட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. மரக்கறிப் புரியாணி.

என் நிலைமையைப் பார்த்துவிட்டு அவர் மேசை இழுப்பறையிலிருந்து பேனா மாதிரி ஒரு சாமானை எடுத்தார்.

"சேவையர் அண்ணை, இதைப் பாருங்கோ. சீனாவில இருந்து ஒருத்தன் அனுப்பினவன். நெருப்பில்லை. மருந்துத் தண்ணியைச் சூடாக்கி ஆவியா விடும்."

"இஞ்ச கடையில விக்குதோ?"

"இன்னும் இல்லை. நீங்கள் பத்திப் பாருங்கோ. செத்தா எனக்குச் சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை கொண்டுபோனேன். முதல் இழுப்பிலேயே தலைக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. சனிக்கிழமை அது செத்தது. நான் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் சிறிய கத்தியால் அதைப் பிளந்து துணியில் பரப்பினார்.

"உதுக்குள்ள பெரிய விண்ணாணம் ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு கம்பிச் சுருள், அதுக்குள்ள ஒரு திரி, ஒரு பற்றறி. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில்தான்."

"கேத்தில் எண்டா நான் செய்யலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போன கிழமை ஒரு பல்ப் மாத்த என்னைக் கூப்பிட்டது நீங்கள்தானே?"

"அது ஏணியில ஏறுற பிரச்சினை. இது கணக்குப் பிரச்சினை."

"சரி, கணக்கைச் செய்யுங்கோ. தீயணைப்பு வண்டி வந்தா என்ரை பேரைச் சொல்லாதேங்கோ."

அன்று பின்னேரம் இருட்டில் கையில் பிடித்து அடிக்கும் ஒரு அலுமினிய ரோச் லைட் வாங்கினேன். பற்றறி போகும் குழாய் அதில் தயாராக இருந்தது, பொத்தானும் இருந்தது. விளக்கு இருந்த தலையைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு சிறிய பித்தளைக் குழாயைப் பொருத்த வேண்டும். அதற்குள் கம்பிச் சுருள். சூடாகும் கம்பிக்கு, மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன, பழுதான தலைமயிர் உலர்த்தியை உடைத்தேன். வாயில் வைக்க முதலில் பேனாக் குழாய் ஒன்றை வெட்டினேன். அது சூட்டில் வளைந்து நாறியது. பிறகு மருந்துக் கடையில் கண்ணாடிச் சொட்டுக் குழாய் வாங்கி அதன் ரப்பரைக் கழற்றிவிட்டு மாட்டினேன். அது நன்றாகப் பொருந்தியது. நிக்கொட்டின் கலந்த மருந்துத் தண்ணீரை நண்பர் தபாலில் எடுத்துத் தந்தார். அதை நானாகக் கலக்க முயலவில்லை; கண்ணால் பார்த்து அளக்க முடியாததில் கைவைக்கக்கூடாது என்பது என் தொழிலில் படித்தது.

பற்றறிதான் என் நித்திரையைக் கெடுத்தது. நண்பர் பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய பற்றறி ஒன்றைத் தந்தார். நான் வாங்க மறுத்தேன்.

"இது எத்தனை தரம் சார்ஜ் ஏறினது?"

"அதை ஆர் அண்ணை எண்ணினது?"

"எண்ணாததை நான் முகத்துக்குக் கிட்டப் பிடிக்கமாட்டன்."

"அப்ப புதுசு வாங்குங்கோ. கல்யாணப் பொம்பிளை மாதிரிச் சாதகமும் பாருங்கோ."

புதிது வாங்கினேன். சார்ஜ் ஏற்றும்போது பல்கனியில், பழைய பிஸ்கட் தகரத்துக்குள் மணல் போட்டு, அதன் மேல் வைத்தேன். பக்கத்தில் கதிரை போட்டு முழு நேரமும் காவல் இருந்தேன். அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மனைவி கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்து, "என்ன, முட்டை அடை வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டாள். அந்த நாட்களில் அவள் சொன்ன ஒரே பகிடி அது. முடித்துவிட்டுக் காட்டலாம் என்று, என்ன செய்கிறேன் என்பதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சுருளைத் தடித்த தையல் ஊசியில் சுற்றினேன். முதலில் நாலு சுற்று. பொத்தானை அமத்தியதும் கம்பி சிவந்து வெள்ளையாகிப் பட்டென்று அறுந்தது. பத்துச் சுற்று சுற்றினேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான், ஆவி இல்லை. ஆறு சுற்றில் திரி கருகியது. எட்டில் ஆவி வந்தது, ஆனால் மெல்லியது. நில அளவையில் ஒரு கோட்டை இரு பக்கமிருந்தும் அளந்து, இரண்டு அளவும் ஒத்துவந்தால்தான் வரைபடத்தில் போடுவோம். கீழிருந்து ஆறு, மேலிருந்து எட்டு. இடையில் ஏழு. நண்பர் இரவல் தந்த மீற்றரில் மின்தடையைப் பார்த்தேன். ஏழில்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்த எண் வந்தது. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த வயதில், பல்கனியில் தனியாக நின்று, நான் ஒரு தடவை கைதட்டினேன்.

திரியில்தான் பிழைவிட்டேன். அதுவரை மாத்திரைப் போத்தலின் வாயில் அடைத்துவரும் பஞ்சைத் திரித்துப் பாவித்தேன், அது முடிந்துவிட்டது. சாமியறையில் விளக்குக்கு மனைவி திரித்து வைத்த திரிகள் ஒரு கண்ணாடிப் போத்தலில் இருந்தன. ஒரே தடிப்பு, ஒரே நீளம், வெள்ளை வெளேரென்று. இதைவிட நல்ல திரி எங்கே கிடைக்கும்? இரண்டை எடுத்து, ஒன்றைச் சுருளுக்குள் இழுத்து, மருந்து ஊற்றி, பொத்தானை அமத்தி நெஞ்சு நிறைய இழுத்தேன்.

கோயில் முழுவதும் என் தொண்டைக்குள் இறங்கியது. எங்கள் மாடியில் காற்று அதிகம், விளக்கு லேசில் பற்றாது. அதற்காக அவள் ஒவ்வொரு திரியையும் கற்பூரத் தூளில் உருட்டி வைப்பாளாம். எனக்கு அது தெரியாது. கண்ணால் தண்ணீர் ஓடியது. தொண்டை குளிர்ந்துகொண்டே எரிந்தது. பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல். "ஆர் கற்பூரம் கொளுத்தினது?"

கதவைத் திறந்தாள். மேசையில் இருந்த மற்றத் திரியைக் கண்டாள். என் வாயைச் சுற்றி நின்ற வெள்ளை ஆவியைக் கண்டாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லாமல் போயிற்று.

"சாமிக்கு வைச்ச திரியில நெருப்பு மூட்டிப் பத்திறியளோ? ஐயோ, அவள் அங்க இன்னும் வெளியில வரேல்லையே!"

இருமலுக்கு இடையில் "நெருப்பில்லை" என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? சாமானும் ஆவியும் கண்ணீரும் கண்முன்னே இருக்கின்றன. நான் ஒளித்துப் பத்துகிறேன் என்றும், நேர்த்தி அன்றைக்கே உடைந்துவிட்டது என்றும் நினைத்து அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடத்தில் நான் இந்த ரோச் லைட்டைச் செய்யாமலே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

பேச்சு வேலைக்கு உதவாது என்று தெரிந்தது. கற்பூரத் திரியைக் கழற்றி எறிந்தேன். பழைய திரிக் கழிவு கொஞ்சம் கிடந்தது. அதைப் பொருத்தி, மருந்து ஊற்றினேன். "இஞ்ச வாரும். கிட்ட வந்து பாரும்" என்றேன். கம்பி நெருப்பாகச் சிவக்கவில்லை என்பதைக் காட்டினேன். கடதாசித் துண்டொன்றை அதன் வாய்க்கு மேல் பிடித்தேன், ஈரமானது, பற்றவில்லை. பிறகு அவளே ஒரு சோதனை யோசித்தாள். உள்ளே போய் என் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுக்குள்ளால ஊதுங்கோ. நீங்கள் சிகரெட் பத்தின காலத்தில உங்கட லேஞ்சி எல்லாம் தவிட்டு நிறம். தோய்ச்சுத் தோய்ச்சுக் கை போனது எனக்கு."

ஊதினேன். அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், மணந்து பார்த்தாள். ஈரம் மட்டும்.

"சாம்பல் எங்க விழுது?"

"சாம்பல் இல்லை."

மேசைக்குக் கீழே குனிந்தும் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் கொஞ்சம் சரியாகியிருந்தது.

"சாம்பலும் இல்லை, கறையும் இல்லை. அப்ப சரி. ஆனா இனிச் சாமியறைப் பக்கம் கை வைச்சியளெண்டா இந்தச் சாமானும் குப்பையிலதான்."

உள்ளே போனாள். சற்று நேரத்தில் பஞ்சை அவித்துப் பிழிந்து காயவைக்கும் வாசனை வந்தது. அடுத்த நாள் காலையில் என் மேசையில் ஒரு சிறிய டப்பா. அதில் இருபது திரிகள். கற்பூரம் இல்லை. விளக்குத் திரியைவிட மெல்லியதாக, என் ஊசியின் தடிப்புக்கே திரித்திருந்தாள். அவள் எப்போது ஊசியை அளந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் திரியோடு, அந்த ஏழு சுற்றோடு, என் ரோச் லைட் முதல்தடவையாகச் சரியாக வேலை செய்தது. தொண்டையில் ஒரு சின்ன உதை, பிறகு தடித்த வெள்ளை ஆவி. சீனாக்காரனின் பேனாவைவிட நல்லது. இதை நான் சொல்லவில்லை, நண்பர் சொன்னார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் இழுத்தார்.

"அண்ணை, எனக்கும் ஒண்டு செய்து தாறியளோ?"

"பல்ப் மாத்தத் தெரியாத ஆளிட்டையோ?"

"அதுக்குத்தான் நான் இருக்கிறனே."

ஒரு கல்யாண வீட்டில் மண்டபத்துக்கு வெளியே நான் அதை எடுத்தபோது ஆண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள்.

"சேவையர் அண்ணை புல்லாங்குழல் வாசிக்கப் போறார், இடம் விடுங்கோ."

"உது வெடிக்காதோ?"

"வெடிச்சா முதல் போறது அண்ணைதான். நீ ஏன் பயப்பிடுறாய்?"

"உதில லைட்டும் பத்துமோ அங்கிள்?" என்று மாப்பிள்ளைத் தோழன் கேட்டான்.

"பத்தாது. ஆனா நான் பத்தினதெல்லாம் நிண்டுபோச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை சுற்று, எந்தக் கம்பி, ஏன் ஏழு என்று அரைமணி நேரம் விளக்கினேன். உள்ளே தாலி கட்டியதைத் தவறவிட்டேன்.

ஆவணியில் முகாமுக்குள் மழை வெள்ளம். கூடாரங்களுக்குள் தண்ணீர் என்று செய்தியில் காட்டினார்கள். தங்கையிடமிருந்து ஒரு வாரமாக அழைப்பு இல்லை. அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம். ஊருக்குப் பேசுவதற்கான தொலைபேசி அட்டையை நண்பரின் கடையில் வாங்கி வரும்படி மனைவி என்னை அனுப்பினாள். நண்பர் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார், கடை பூட்டு. வாகனத் தரிப்பிடத்தில் காத்து நின்றேன். ரோச் லைட்டை எடுத்துப் பொத்தானை அமத்தினேன். ஒன்றுமில்லை. கம்பி அறுந்துவிட்டது.

பக்கத்தில் பேக்கரி வேலையாள் ஒருவர் மாவு படிந்த ஏப்ரனோடு சுவரில் சாய்ந்து சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவர் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நல்ல மனிதர். உள்ளே ஏழெட்டு இருந்தன. வாசனை என் முகம்வரை வந்தது. வீட்டில் ஒருத்தி தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நான் திரும்பிப் போனதும் என் விரல்களை எடுத்து மணப்பாள். இந்த ஒன்றைப் பத்தினால், இனித் தொலைபேசியில் என்ன கெட்ட செய்தி வந்தாலும் அது என் விரலிலிருந்து வந்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

"வேண்டாம், நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மாற்றுக் கம்பியும் ஊசியும் திரியும் காருக்குள் இருந்தன. எதுவும் பழுதாகும் என்று எப்போதும் பயப்படுபவனுக்கு இந்த ஒரு நன்மை உண்டு. காரின் முன்பக்கப் பொனற்றின் மேல் கைக்குட்டையை விரித்தேன். முதல் தடவை ஊசி நழுவிச் சுருள் அவிழ்ந்தது. இரண்டாம் தடவை ஐந்தாம் சுற்றில் கம்பி மடிந்தது. வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. பேக்கரிக்காரர் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று, காற்று அடிக்காமல் தன் ஏப்ரனை விரித்து மறைத்தார். ஏழு. முறுக்கினேன். திரியை இழுத்தேன். பொத்தானை அமத்தினேன். ஆவி வந்தது. அவர் என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் அளந்த காணிகள் எத்தனையோ, கீறிய வரைபடங்கள் எத்தனையோ. அந்தக் காரின் மூக்கில் சுற்றிய ஏழு சுற்றைப்போல ஒன்றையும் நான் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.

தங்கையும் மகளும் வெள்ளத்தில் தப்பியிருந்தார்கள். அடுத்த நாள் அழைப்பு வந்தது. என் விரல்களை மனைவி மணந்துவிட்டு, தேநீர் வைக்கப் போனாள்.

மார்கழி தொடங்கியதும் முகாமிலிருந்து ஆட்களை வெளியே விட்டார்கள். ஒரு காலை, பல்கனியில் முதல் பனி படிந்திருந்தபோது, தொலைபேசி அடித்தது. தங்கை சொன்ன எண்ணுக்கு மனைவி எங்கள் அட்டையில் திருப்பி எடுத்தாள். இரைச்சல் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒன்றுவிட்ட தமையன் வீட்டில், கதிரையில் இருந்து பேசுகிறேன் என்றாளாம் தங்கை. கதிரை என்று தனியாகச் சொன்னாளாம். இந்த முறை மனைவி ஒலிபெருக்கியை அழுத்தவில்லை. குரலைத் தன் காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அழவில்லை. "சாப்பிட்டியோ? பிள்ளை சாப்பிட்டாளோ?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "உங்களோட கதைக்கவேணுமாம்."

எனக்கு மச்சாளோடு அதிகம் பேசிப் பழக்கமில்லை.

"அத்தான், அக்கா சொன்னவ. உண்மையா ஒண்டும் பத்தேல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டுகூட?"

"ஒண்டுகூட இல்லை."

அங்கே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க நான் எல்லாருக்கும் சொன்னனான் அத்தான், கனடாவில எங்கட அத்தான் எனக்காகச் சிகரெட்டை விட்டிட்டார் எண்டு. அதுக்குப் பிறகு அங்க நிண்ட பொம்பிளையள் தினமும் கேப்பினம், என்ன, இண்டைக்கு உன்ரை அத்தான் பத்தினாரோ எண்டு. இல்லை எண்டு நான் சொல்லுவன். எனக்கு என்ன தெரியும்? ஆனா சொல்லுவன். இல்லை எண்டு சொன்னா எல்லாருக்கும் ஒரு சந்தோசம்."

வவுனியாவில் தண்ணீர் வாளியோடு நின்ற பெண்கள் என் கணக்கை என்னோடு சேர்ந்து வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்த கணக்கும் என் கணக்கும் ஒத்துவந்தன. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விவரம் விடுபட்டிருந்தது. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை, நான் சும்மா விடேல்லை. அதுக்கு ஒரு மெசின் செய்தனான்."

"மெசினோ?"

"ரோச் லைட்டில."

"ரோச் லைட்டையோ பத்திறியள்?"

அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு, மூச்சு வாங்கும் சிரிப்பு. மனைவி ஓடிவந்து என் கையிலிருந்த தொலைபேசியில் தன் காதையும் ஒட்டினாள். பிள்ளை பக்கத்தில் இருந்து "என்னம்மா, என்னம்மா?" என்று கேட்பது கேட்டது.

"சொல்லுங்கோ அத்தான், எப்பிடிச் செய்தனீங்கள்?"

என் கணக்கில் அட்டையில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. மனைவியின் கன்னம் என் கன்னத்தோடு அழுந்தியிருக்க, நான் கம்பியிலிருந்து தொடங்கினேன்.